கடிவாளம் சிறுமியின் கைக்கு வந்தது

குழந்தைகள் படித்த உலகம் – அத்தியாயம் 17

சென்ற அத்தியாயத்தில் நீதிக்கதை விலங்குகளைப் பார்த்தோம். நரி தந்திரத்துக்கும் கழுதை பொறுமைக்கும் சிங்கம் அதிகாரத்துக்கும் வேடம் கட்டி வந்தன. நீதி சொல்லி முடித்ததும் அவற்றுக்குக் கதையில் வேலை இல்லை. அவை எங்கே படுத்தன, என்ன தின்றன, முதுகுப் புண் ஆறியதா என்று கேட்க அங்கே இடமே கிடையாது. அந்தக் கேள்விகளையே கதையாக்கிய ஒரு தனி வகை இங்கிலாந்தில் வளர்ந்தது. அதுதான் மட்டக்குதிரைக் கதை.

குதிரைக்காரர்கள் கணக்கில் ஒரு 'கை' என்பது 4 அங்குலம். தோள் உயரம் பதினான்கரைக் கையை, அதாவது 58 அங்குலத்தை, தாண்டாதது மட்டக்குதிரை. அவற்றில் சிறியவற்றுக்குப் பத்து வயதுக் குழந்தை தானே சேணம் போட்டு ஏறலாம். அதனால்தான் குழந்தைகளின் கதைக்கு அது வாகாக அமைந்தது.

1800-ஐ ஒட்டியே டிக் என்ற மட்டக்குதிரை தன் வாழ்க்கையைத் தானே சொல்வதாக ஒரு சிறு நூல் லண்டனில் அச்சாகியிருக்கிறது. ஆனாலும் இந்த வகைக்கு உயிர் கொடுத்தது 1877-ல் வந்த ஒரு நாவல். குதிரை அதில் பெரியவர்களிடம் முறையிட்டது. 1936-ல் வந்த இன்னொரு நூலில், ஒரு சிறுமி குதிரையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். இந்த இரண்டு நூல்களுக்கும் இடையிலும் அதற்குப் பிறகும் நடந்ததுதான் இந்த அத்தியாயம்.

நடக்க முடியாதவர் எழுதியது

அன்னா சூவெல் 1820 மார்ச் 30 அன்று நார்ஃபோக் மாவட்டத்தின் கிரேட் யார்மத்தில் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர்கள். பதினான்கு வயதில், மழை பெய்த ஒரு நாள் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் வழுக்கி விழுந்தார். இரண்டு கணுக்கால்களும் அடிபட்டன. காயம் முழுதாக ஆறவே இல்லை. அதன் பிறகு நெடுந்தூரம் நடப்பதோ அதிக நேரம் நிற்பதோ அவரால் முடியாமல் போயிற்று. வெளியே போகச் சிறு குதிரைவண்டிதான் துணை. அதை அவரே ஓட்டினார். தன் கால்களாக இருந்த குதிரைகளை அவர் ஆண்டுக்கணக்காக அருகிலிருந்து கவனித்தார்.

அவருடைய தாய் மேரி சூவெல், ஏழை எளிய மக்களுக்காகச் செய்யுள் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர். தாயின் எழுத்தை முதலில் படித்துத் திருத்தம் சொல்வது அன்னாவின் வேலை. ஐம்பது வயது கடந்த பிறகுதான் தனக்கென ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினார். 1871-ல் நாரிச் நகருக்கு அருகே ஓல்ட் கேட்டனில், உடல் நலிந்த நிலையில் தொடங்கிய வேலை அது. தெம்பு இருந்த நாட்களில் துண்டுத் தாள்களில் பென்சிலால் எழுதினார். இல்லாத நாட்களில் சொல்லச் சொல்ல, தாய் எழுதிக்கொண்டார். முடிக்க ஆறு ஆண்டுகள் ஆயின. 1877 நவம்பரில் நாரிச்சின் ஜரால்ட் பதிப்பகம் வெளியிட்ட அந்த நூல்தான் 'பிளாக் பியூட்டி'. ஐந்தே மாதத்தில், 1878 ஏப்ரல் 25 அன்று, அன்னா சூவெல் காலமானார். அவர் எழுதிய ஒரே புத்தகம் அதுதான்.

அவர் அதைக் குழந்தைகளுக்காக எழுதவில்லை. லாயத்தில் வேலை செய்பவர்களும் வண்டியோட்டிகளும் படிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். அதனால் மொழி எளிமையாக இருக்கிறது, அத்தியாயங்கள் சிறியவை, குதிரை பராமரிப்பு பற்றிய செய்திகள் துல்லியமானவை. வேர்க்க ஓடி வந்த குதிரையின் மேல் போர்வை போர்த்தாமல் குளிர்ந்த தண்ணீரை வயிறு முட்டக் கொடுத்தால் என்ன ஆகும், லாடத்துக்குள் கல் சிக்கினால் எப்படித் தெரியும், ஈரமும் சாண ஆவியும் தேங்கிய இருட்டு லாயத்தில் கண்ணும் குளம்பும் எப்படிக் கெடும் என்பதெல்லாம் கதைக்குள்ளேயே வருகின்றன.

நூல் எதிர்த்துப் போராடிய கொடுமைகளில் முதன்மையானது தலைதூக்கி வார். குதிரை தலையைத் தாழ்த்த முடியாதபடி கடிவாளத்திலிருந்து முதுகுப்பட்டைக்கு இழுத்துக் கட்டும் வார் அது. தலை நிமிர்ந்திருந்தால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு பயன் கிடையாது. மேட்டில் பாரம் இழுக்கும் குதிரை தலையைத் தாழ்த்தித்தான் உடல் எடையை முன்னால் கொடுக்க முடியும். வார் அதைத் தடுத்தது; கழுத்தும் வாயும் புண்ணாயின; மூச்சு திணறியது. பணக்காரச் சீமாட்டி ஒருத்தி வாரை இன்னும் இறுக்கச் சொல்லும் அத்தியாயத்தில் ஜிஞ்சர் என்ற பெண்குதிரை பொறுக்க முடியாமல் உதைத்துத் துள்ளுகிறது. அதே ஜிஞ்சர் பின்னால் லண்டன் தெருவில் வாடகை வண்டி இழுத்துத் தேய்ந்து செத்துப்போவதைப் படித்து அழாத குழந்தைகள் குறைவு.

இந்த நூலில் ஒரு மட்டக்குதிரையும் உண்டு. பெயர் மெரிலெக்ஸ். வீட்டுச் சிறுமிகளை முதுகில் ஏற்றி நடப்பது அதன் வேலை. ஒரு நாள் பையன்கள் சிலர் மாற்றி மாற்றி ஏறி, வெட்டி வந்த குச்சியால் அடித்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். மெரிலெக்ஸ் பொறுத்துப் பார்க்கிறது. பிறகு பின்னங்காலில் எழும்பி நின்று, ஏறியவனை மெதுவாகப் பின்னால் வழுக்கி விழச் செய்கிறது. அடுத்தவன் குச்சியைக் கையில் எடுத்ததும் அவனுக்கும் அதே பாடம். பையன்களுக்குத் தான் களைத்துப்போவேன் என்றே தோன்றவில்லை என்றும், அவர்களுக்குக் கற்றுத் தர வேண்டியிருந்தது என்றும் பிறகு அது விளக்குகிறது. அடுத்த நூறாண்டு மட்டக்குதிரைக் கதைகளுக்கு வேண்டிய விதை இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. குழந்தைக்கும் குதிரைக்கும் இடையே நடக்கும் கல்வி, தவறு செய்தால் மண்ணில் விழும் தண்டனை, அதில் பகை இல்லாமை ஆகிய மூன்றும் பின்னால் வந்த எல்லா நல்ல நூல்களிலும் உண்டு.

1890-ல் நூல் அமெரிக்காவுக்குப் போனது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஏஞ்செல், உரிமை எதுவும் கேட்காமல் அதை மலிவாக அச்சடித்தார். அடிமை முறையை எதிர்த்த புகழ்பெற்ற நாவலை நினைவூட்டி, குதிரைகளுக்கான 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்று விளம்பரப்படுத்தி, வண்டியோட்டிகள் கையிலும் லாயக்காரர்கள் கையிலும் கொண்டுபோய்ச் சேர்த்தார். தலைதூக்கி வார் வழக்கொழிந்ததில் இந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. நாளடைவில் பெரியவர்களைவிடக் குழந்தைகளே அதை அதிகம் படித்தார்கள்.

தெருவை விட்டுப் போன குதிரை

அன்னா சூவெல் கண்ட குதிரைகள் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் தெருவிலிருந்து மறைந்தன. லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி 1911-ல் தன் கடைசிக் குதிரை பஸ்ஸை நிறுத்தியது. முதல் உலகப் போர் பண்ணைக் குதிரைகளையும் வண்டிக் குதிரைகளையும் இலட்சக்கணக்கில் போர்முனைக்கு இழுத்துச் சென்றது. போர் முடிந்தபோது மோட்டார் வண்டிகள் சாலையைப் பிடித்துக்கொண்டன.

உழைப்பிலிருந்து விடுபட்ட குதிரை குழந்தைகள் பக்கம் வந்தது. எக்ஸ்மூர், டார்ட்மூர், வெல்ஷ், ஷெட்லாந்து, நியூ ஃபாரஸ்ட் என்று பிரிட்டனில் ஊருக்கு ஊர் சொந்த மட்டக்குதிரை இனங்கள் இருந்தன. அவற்றில் ஏறிப் பழக நடுத்தர வர்க்கக் குடும்பங்களும் பிள்ளைகளை அனுப்பத் தொடங்கின. சிறுமிகள் இரு கால்களையும் ஒரே பக்கம் போட்டு அமரும் பழைய வழக்கம் தளர்ந்தது. சிறுவர்களைப் போலவே இரு பக்கமும் கால் போட்டு ஏறினார்கள். இந்த மாற்றம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் வேலி தாண்டவும் பாய்ச்சலில் போகவும் அது சிறுமிக்குச் சம உரிமை தந்தது.

1929-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. குழந்தைகளுக்குக் குதிரையேற்றமும் பராமரிப்பும் கற்பிக்க 'போனி கிளப்' என்ற அமைப்பு பிரிட்டனில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு, கோல்டன் கோர்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய மியூரியல் வேஸின் 'மூர்லாண்ட் மௌசி' வெளிவந்தது. எக்ஸ்மூர் மேட்டுநிலத்தில் பிறந்த ஒரு மட்டக்குதிரை தன் கதையைச் சொல்லும் நூல். லயனல் எட்வர்ட்ஸ் படங்கள் வரைந்திருந்தார். சொல்லும் முறை அன்னா சூவெலுடையது. ஆனால் காது கொடுத்துக் கேட்பவர்கள் மாறிவிட்டார்கள். இந்தக் குதிரை நேரே குழந்தைகளிடம் பேசியது.

அந்த நூலுக்கு ஒரு பின்கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது எக்ஸ்மூர் இனத்தில் ஏறக்குறைய ஐம்பது உருப்படிகளே மிஞ்சியிருந்தன. இனம் அழியாமல் காக்கப்பட்டது. இன்று அந்தக் குதிரைகளின் நலனுக்காக எக்ஸ்மூரில் இயங்கும் ஓர் அறக்கட்டளைக்கு மூர்லாண்ட் மௌசியின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

ஜீனின் கை

ஜோஅன்னா கேனன் 1896-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். தந்தை சார்லஸ் கேனன் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் பொறுப்பில் இருந்த அறிஞர். ஜோஅன்னா பெரியவர்களுக்கான நாவல்களும் துப்பறியும் கதைகளும் எழுதிக்கொண்டிருந்தார். 1936-ல் குழந்தைகளுக்காக 'ஜீனுக்கு ஒரு மட்டக்குதிரை' என்ற பொருள்படும் நூலை எழுதினார். அந்த வகை அதோடு திசை மாறியது.

கதை எளியது. ஜீனின் அப்பாவுக்குப் பண நஷ்டம். குடும்பம் லண்டனை விட்டுக் கிராமத்துக்கு வருகிறது. வசதியான உறவுக்காரக் குழந்தைகள், தங்களுக்கு வேண்டாத ஓர் எலும்புக்கூட்டுக் குதிரையை அவளுக்குக் கொடுக்கிறார்கள். வாட்டிய ரொட்டித் துண்டுகளைச் செருகி வைக்கும் கம்பித் தட்டின் பெயரைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடுவார்கள். விலா எலும்புகள் அப்படித் தெரிந்தன. ஜீன் அதற்கு கவலியர் என்று பெயர் மாற்றுகிறாள். சொல்லிக் கொடுக்க ஆள் வைக்கப் பணமில்லை. விழுந்து, எழுந்து, மறுபடி ஏறி, தானே கற்கிறாள். குதிரை தேறுகிறது, அவளும் தேறுகிறாள். உள்ளூர்ப் போட்டியில் இருவரும் வெல்கிறார்கள்.

கதையைச் சொல்வது ஜீன்தான், குதிரை பேசாது. அதற்கு வலிக்கிறதா, பசிக்கிறதா, பயமா என்பதை இனி ஜீன்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். காது பின்னால் மடிந்திருக்கிறதா, ஒரு காலை ஊன்றத் தயங்குகிறதா, தீனித் தொட்டியில் மிச்சம் வைத்திருக்கிறதா என்று தினமும் கவனிப்பதே அவள் வேலை. அன்னா சூவெலின் வாசகர் குதிரைக்காக இரக்கப்பட்டார். கேனனின் வாசகர் குதிரைக்காக அதிகாலையில் எழுந்து வாளியில் தண்ணீர் சுமந்தார். நூற்றாண்டு மட்டக்குதிரைக் கதைகளில் மிகப் பெரிய திருப்பம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கேனனுக்கு மூன்று மகள்கள். ஜோசஃபின் 1924-ல் பிறந்தவர். டயானாவும் கிறிஸ்டீனும் 1925-ல் பிறந்த இரட்டையர். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் பெப்பர்டில் இருந்த வீட்டில் அவர்கள் பள்ளிப்படிப்பைவிடக் குதிரைகளோடுதான் அதிகம் வளர்ந்தார்கள். குதிரையேற்றப் பள்ளியும் நடத்தினார்கள். மூவரும் பதின்ம வயதில் சேர்ந்து எழுதிய 'இட் பிகேன் வித் பிக்கோட்டி' 1946-ல் அச்சேறியது. அதற்குப் பிறகு தனித்தனியாக எழுதினார்கள். தந்தைவழிப் பெயரால் புல்லன்-தாம்சன் சகோதரிகள் என்று அறியப்பட்ட இவர்களின் நூல்கள் மொத்தம் இருநூறை நெருங்கும்.

மூவரில் ஜோசஃபின் ஆசிரியர் மனம் கொண்டவர். 1946-ல் வந்த அவருடைய 'சிக்ஸ் போனீஸ்' நூலில், போனி கிளப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பழக்கப்படாத நியூ ஃபாரஸ்ட் மட்டக்குதிரை ஒப்படைக்கப்படுகிறது. யார் எப்படிப் பழக்கினார்கள் என்பதே கதை. அவசரக்காரன் குதிரையைக் கெடுக்கிறான். பயந்தவள் பொறுமையால் வெல்கிறாள். குதிரையின் கோளாறுக்கு ஏறியவரின் கையும் உட்காரும் முறையும்தான் முதல் காரணம் என்று அவர் நூலுக்கு நூல் காட்டினார். பிற்காலத்தில் ஜோசஃபின் பென் எழுத்தாளர் அமைப்பின் ஆங்கிலப் பிரிவுக்குச் செயலராகவும் தலைவராகவும் இருந்தார்.

வெல்வெட்டின் பந்தயம்

கேனனின் நூலுக்கு ஓராண்டு முன்பு, 1935-ல், ஈனிட் பேக்னால்டின் 'நேஷனல் வெல்வெட்' வந்தது. பொது நாவலாக வந்தாலும் குழந்தைகள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கசாப்புக் கடைக்காரரின் பதினான்கு வயது மகள் வெல்வெட் பிரௌன், ஊர்ச் சீட்டுக் குலுக்கலில் ஒரு புள்ளிக் குதிரையை வெல்கிறாள். ஆண் ஜாக்கியாக வேடமிட்டு, லிவர்பூல் அருகே ஐன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் தடைதாண்டல் பந்தயத்தில் அதில் ஏறி முதலாவதாக வருகிறாள். பிறகு தகுதி நீக்கம் செய்யப்படுகிறாள். 1944-ல் படமானபோது வெல்வெட்டாக நடித்தவர் எலிசபெத் டெய்லர்.

பேக்னால்ட் எழுதிய காலத்தில் அந்தப் பந்தயத்தில் பெண்கள் ஏற அனுமதி இல்லை. 1977-ல்தான் சார்லட் புரூ என்ற இளம்பெண் தன் குதிரை பாரனி ஃபோர்ட்டில் முதல் பெண்ணாக அதில் கலந்துகொண்டார். 27-வது தடையில் குதிரை தாண்ட மறுத்தது. 1982-ல் ஜெரால்டின் ரீஸ் முதல் பெண்ணாகப் பந்தயத்தை முடித்தார். 2021 ஏப்ரல் 10 அன்று அயர்லாந்தின் ரேச்சல் பிளாக்மோர் மினெல்லா டைம்ஸ் என்ற குதிரையில் வென்றார். கதையில் ஒரு சிறுமி வென்றதற்கும் மைதானத்தில் ஒரு பெண் வென்றதற்கும் இடையே 86 ஆண்டுகள்.

போரும் அதன் பிறகும்

போர்க்காலத்திலும் இந்தக் கதைகள் நிற்கவில்லை. மேரி டிரெட்கோல்ட் லண்டனில் குழந்தை நூல் பதிப்பாசிரியராக இருந்தவர். தன் மேசைக்கு வந்த குதிரைக் கதைகளின் தரம் பிடிக்காமல், விமானத் தாக்குதலுக்குப் பதுங்கும் அறையில் உட்கார்ந்து தானே ஒன்று எழுதினார். ஜெர்மானியர் கைப்பற்றிய கற்பனைத் தீவு ஒன்றில் சிக்கிக்கொண்ட பிள்ளைகளையும் அவர்களுடைய மட்டக்குதிரைகளையும் பற்றிய அந்த நூல் சிறுவர் இலக்கியத்துக்கு வழங்கப்படும் கார்னகி பதக்கத்தை 1941-க்காகப் பெற்றது. குதிரைக் கதை இலக்கியமாகாது என்று சொன்னவர்களுக்கு அது நேரடிப் பதில்.

1949-ல் ரூபி ஃபெர்குசனின் ஜில் வந்தாள். ஒன்பது நூல்களில் தொடர்ந்தாள். அப்பா இல்லாத பிள்ளை. அம்மா கதை எழுதிச் சம்பாதிக்கிறார். பணம் சேர்த்துக் குதிரை வாங்குவதும், வாங்கிய பிறகு தீனிக்கும் சேணத்துக்கும் என்ன செய்வது என்று விழிப்பதும் கதையின் பெரும் பகுதி. அவளுக்கு ஏறக் கற்றுத் தருபவர் சக்கர நாற்காலியில் இருக்கும் முன்னாள் விமானப்படை வீரர் மார்ட்டின் லோ. ஏறி ஓட்ட இயலாத ஒருவர் குதிரையின் ஒவ்வொரு அசைவையும் அறிந்த ஆசிரியராக வருவது அந்தக் காலத்துக்கு அரிய பாத்திரப் படைப்பு.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெற்றி கண்ட அச்சிலேயே நூற்றுக்கணக்கில் வார்த்தார்கள். வாடிய குதிரை, வசதியில்லாத சிறுமி, கடைசியில் பரிசு நாடா என்று படிக்கும் முன்பே முடிவு தெரிந்த நூல்கள் பல. 'வசதியில்லாத' குடும்பத்திலும் பல கதைகளில் சமையல்காரி இருந்தாள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஓரத்தில் நின்று குதிரையைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1968-ல் கே.எம். பெய்ட்டன் 'ஃப்ளை பை நைட்' எழுதியபோதுதான் இது அசைந்தது. அவருடைய ரூத் புதுக் குடியிருப்பு ஒன்றில் வசிப்பவள். பழக்கப்படாத குதிரை ஒன்றை வாங்கிவிட்டு, அதற்கு மேய்ச்சலும் பயிற்சியும் தேடி அவள் படும் பாடு உண்மையானது. அங்கே பணமுடை கதைக்கான அலங்காரமாக வரவில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சாக வருகிறது. அடுத்த ஆண்டே பெய்ட்டன் வேறொரு நாவலுக்காகக் கார்னகி பதக்கம் பெற்றார்.

எது நின்றது

நூலகர்களும் விமரிசகர்களும் இந்த வகையை நீண்ட காலம் இளப்பமாகப் பார்த்தார்கள். சிறுமிகள் படிப்பது என்பதே அந்த இளப்பத்துக்குப் பாதிக் காரணம். ஆனால் 1930-களின் சிறுவர் நூல்களை எடுத்துப் பாருங்கள். கப்பலேறியவர்களும் புதையல் தேடியவர்களும் கள்வரைப் பிடித்தவர்களும் பெரும்பாலும் பையன்களே. மட்டக்குதிரைக் கதையில்தான் ஒரு சிறுமி தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள உயிரை நடத்தக் கற்றாள். லத்தி அள்ளினாள், குளம்பில் சிக்கிய கல்லை எடுத்தாள், இரவில் வயிற்றுவலியால் துடித்த குதிரையை விடியும் வரை நடத்தினாள். அவள் அழகாக இருந்தாளா என்று கதை கேட்கவில்லை. குதிரைக்குத் தண்ணீர் வைத்தாளா என்றுதான் கேட்டது. அந்தக் கேள்விக்காகவே இந்த வகைக்குச் சிறார் இலக்கிய வரலாற்றில் கௌரவமான இடம் கொடுக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தைக்கு விலங்குக் கதை வாங்கும்போது இரண்டு பக்கம் புரட்டிப் பாருங்கள். அந்த விலங்குக்குப் பசிக்கிறதா, அதற்கு யாராவது தீனி போடுகிறார்களா என்று தேடுங்கள். போடுகிறவர் ஒரு குழந்தையாக இருந்தால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள்.

அடுத்த அத்தியாயத்தில் அட்லாண்டிக் கடல் தாண்டுவோம். வர்ஜீனியாவின் சிங்கோட்டீக் தீவுக்கு ஆண்டுதோறும் நீந்தி வரும் மட்டக்குதிரைகளையும், அவற்றில் மிஸ்டி என்ற குட்டியை 1947-ல் உலகறியச் செய்த மார்கரீட் ஹென்றியையும் சந்திப்போம்.

(தொடரும்)